உறவுத் திருத்த முகாம்

மதுரையில் ஒருவரை மாமா என்று கூப்பிட, அவர் உங்கள் அம்மாவோடு கூடப் பிறந்திருக்க வேண்டியதில்லை. நல்ல டீ போட்டுக் கொடுத்தால் போதும். பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தால் அண்ணன். கூடச் சுற்றினால் மாப்ள. சண்டை போட்டுச் சமாதானமாகிவிட்டால் பங்காளி. இந்த ஊரில் பேசப் பழகும் குழந்தைக்கே இது தெரியும். காதுக்குத்தான் தெரியவில்லை.

காது என்பது நாங்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் நற்செவி. சுண்டுவிரல் அளவில் ஒரு கறுப்புக் குமிழ். முதலில் தெருவிளக்குக் கம்பங்களில் பொருத்தினார்கள். எந்தப் பெண்ணாவது காப்பாற்றுங்கள் என்று கத்தினால் உடனே போலீஸ் வண்டி வரும் என்றார்கள். உண்மையாகவே வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் செயின் அறுத்தவனைத் தெருமுனை தாண்டுவதற்குள் அமுக்கிவிட்டார்கள். அதனால் பிறகு கடைகளிலும் பஸ்களிலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் காது முளைத்தபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நானும் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்கு வேலை கிடைத்திருக்காது.

என் பெயர் பிலோமினா. மொழியியல் படித்துவிட்டு, நற்செவியின் மதுரை மையத்தில் பேச்சு சரிபார்ப்பாளராக இருந்தேன். காது கேட்டதைச் சரியாகத்தான் கேட்டதா என்று பார்க்கிற உத்தியோகம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள 'வெஞ்சனம்' என்று ஒருத்தி சொன்னதை 'வஞ்சனை' என்று அது எழுதி வைத்திருக்கும். நான் திருத்துவேன். ஊர் முழுக்கப் பேசுவதைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் என்று என்னை நானே கிண்டல் செய்துகொள்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைப் பற்றி என் அம்மா நிறையக் கவலைப்பட்டிருக்கிறாள்.

மையத்து வாசலுக்கு எதிரே சோணைமுத்து அண்ணனின் டீக்கடை. என்னைப் பார்த்த முதல் நாளே, "வா தங்கச்சி, புதுசா?" என்றார். எனக்குச் சர்க்கரை வியாதி என்று எப்படியோ தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து என் டீ மட்டும் தனியாக, சீனி போடாமல் வரும். நான் ஒருநாளும் சொன்னதில்லை, அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தேன்மிட்டாய் ஜாடிப் பக்கம் என் கை போனால், "கையை எடு தங்கச்சி" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி அதட்டுவார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணம் அமையவில்லை, நானும் தேடவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று கடையை அடைத்துவிட்டு வந்து, கல்லறைத் தோட்டத்தில் என் பக்கத்தில் நின்றவர் அவர்தான். எந்தக் கையால் சிலுவை போடுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார்.

அவருக்கு ஒரே மகள், பிருந்தா. தாய் இல்லாத பிள்ளை. நர்சிங் முடித்து, அரசு ஆஸ்பத்திரி வேலைக்குப் பரீட்சை எழுதி நல்ல இடத்தில் தேறியிருந்தாள். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்று இலவச டீ. கடைசியில் போலீஸ் விசாரணை என்று ஒன்று உண்டல்லவா, அதில் 'பரிந்துரைக்க இயலாது' என்று வந்துவிட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை கொசுவைக்கூட யோசித்து அடிக்கிற ரகம். அண்ணன் ஸ்டேஷனுக்கு நடந்தார், கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார். மேலிடம் என்று எல்லோரும் கையை மேலே காட்டினார்கள். கடைசியில் என்னிடம் வந்து நின்றார். நீ உள்ளே இருக்கிறவள், என்ன ஏது என்று பார் என்றார்.

பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். மறுபடி அந்த நிலைமை வந்தாலும் பார்ப்பேன்.

சோணைமுத்து என்று தட்டினால் திரையில் ஒரு பெரிய ஆலமரமே விரிந்தது. அவருக்கு அண்ணன் தம்பிகள் மட்டும் ஒரு தெருவுக்குக் காணும். மாப்பிள்ளைகள், மச்சான்கள், சித்தப்பாக்கள். அதில் தங்கச்சி என்று என் பெயரும் இருந்தது. முதலில் சிரிப்பு வந்துவிட்டது. காது எங்களைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, யார் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துச் சொந்தம் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் பிரிவுக்கே தெரியாமல் நடந்த வேலை அது. கொஞ்சம் கீழே இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இன்பராசு என்று ஒரு இளைஞன். கண்மாயை மூடிக் குப்பைக் கிடங்கு கட்டுவதை எதிர்த்து ஊரைத் திரட்டியவன், அரசாங்கம் அப்போது தேடிக்கொண்டிருந்த ஆள். தலைமறைவாவதற்கு முன் தினமும் அந்தக் கடையில்தான் டீ குடிப்பான். "மாமா, ஒரு ஸ்ட்ராங் டீ" என்பான். போதாதா? சோணைமுத்து அவனுக்குத் தாய்மாமன் ஆகிவிட்டார். தாய்மாமன் மகள் என்ன முறை? யாரோ புண்ணியவான் நம் முறைகளையெல்லாம் காதுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். பிருந்தாவின் பெயருக்கு நேராக 'முறைப்பெண்' என்று இருந்தது. தேடப்படுகிறவனைக் கட்டிக்கொள்ளப் போகிற உரிமைக்காரி. அந்தப் பிள்ளை அவன் முகத்தையாவது பார்த்திருப்பாளா என்பதே சந்தேகம்.

நேராக இயக்குநர் நவநீதன் அறைக்குப் போனேன். சென்னைக்காரர், பண்பானவர், யாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார்.

"தப்பு பண்றவன் தனியா பண்றதில்ல மேடம்" என்றார். "யாராவது சொந்தக்காரங்கதான் ஒளிச்சு வைக்கிறாங்க. யாருக்கு யார் சொந்தம்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. அதை வீடு வீடா போய்க் கேக்க முடியுமா? கூப்பிடறதை வச்சே எடுத்துக்கறோம்."

"சார், மதுரையில மாமாண்டு கூப்பிட்டா மாமா ஆயிருவாரா?"

அவர் சிரித்துவிட்டார். நான் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றார். அப்படியானால் திருத்துங்கள் என்றேன். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"பிழை இருக்குன்னு ஒத்துக்கிட்டா, திட்டம் இருக்குன்னே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். காப்பாத்துங்கன்னு கத்துறதை மட்டும்தான் கேக்குதுன்னு ஜனங்க நம்பிட்டு இருக்காங்க. நம்பிட்டுப் போகட்டுமே."

நான் எழுந்தபோது, கதவு வரைக்கும் கூட வந்தார். "அந்த டீக்கடைக்காரர் பக்கத்துல உங்க பேரும் இருக்கே, பாத்தீங்களா மேடம்?" என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

வேலையில் சேரும்போது ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்துதான் கையெழுத்துப் போட்டிருந்தேன். வாங்குகிற சம்பளத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று அப்பா சொல்லி வளர்த்தவர். இதில் யாருக்கு உண்மையாக இருப்பது? கேட்டுப் பார்க்கலாம் என்று மாதா கோயிலுக்குப் போனேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டு நிமிர்ந்தால், தலைக்கு மேலேயே கறுப்புக் குமிழ். உண்டியல் திருட்டு அதிகமாகிவிட்டது என்று வைத்திருக்கிறார்கள். கோபப்பட்டேன், சோம்பேறித்தனமாக இருந்தேன் என்று வழக்கமான பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஊரில் ஒரு மனுஷி மனசு விட்டுப் பேச இடம் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் பேச்சைக் கேட்டபோது உறைக்கவில்லை, பாருங்கள்.

ஹாஜிரா என்று ஒரு நிருபர் இருந்தாள், சின்னச் செய்தித்தளம் ஒன்றில். அவளை ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச் சொன்னேன். முகூர்த்த நேரத்தில் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டால் காதுக்கு ஒன்றும் கேட்காது, அது எனக்குத் தெரியும். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீடு என்று நினைத்துக்கொண்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். கெட்டிமேளம் கொட்டும்போது அவள் காதோடு வாய் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் பார்த்ததைப் பதிந்து வைத்த சின்னச் சில்லு ஒன்றை மொய்க் கவருக்குள் போட்டு அவள் கையில் கொடுத்தேன். மணமக்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

செய்தி வந்தது. முறைப்பெண் கதைதான் தலைப்பு, பெயர் இல்லாமல். ஒன்றிரண்டு நாள் ஊரே அமளிதுமளிப்பட்டது. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று துப்பறிய ஒன்றுமில்லை. உள்ளே சொல்லிப் பார்த்தவள் ஒருத்திதான். முறையாக மேலதிகாரியிடம் சொன்னதால்தான் மாட்டினேன். சொல்லாமல் நேரே வெளியே போயிருந்தால் தப்பித்திருப்பேன். நவநீதன் என் முகத்தைப் பார்க்காமல் வேலைநீக்க உத்தரவைக் கொடுத்தார். அரசு ரகசியத்தை வெளியிட்டதாக வழக்கு, ஜாமீன், வாராவாரம் ஸ்டேஷனில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவது.

அதெல்லாம் போகட்டும். இந்தத் திட்டத்தை மூடுவார்கள் என்று நினைத்தேனே, அந்தக் கூறுகெட்ட நம்பிக்கையை என்ன சொல்வது? அமைச்சர் டிவியில் வந்தார். பிழைகளைச் சுட்டிக்காட்டிய ஊடகத்துக்கு நன்றி என்றார். மக்களின் மனக்குறையைப் போக்க வார்டுக்கு ஒரு உறவுத் திருத்த முகாம் நடக்கும் என்றார். தவறாகச் சேர்ந்திருக்கிற உறவுகளை நேரில் வந்து காதிடம் சொல்லி நீக்கிக்கொள்ளலாம், வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

காதை எடு என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னை யாரோடு சேர்த்திருக்கிறது என்றுதான் கேட்டார்கள். முகாமுக்குக் கூட்டம் தள்ளியது. பந்தல், மோர், தள்ளுமுள்ளு, போலீஸ். ஐம்பது வருஷப் பழக்கக்காரர்கள் இருவர் தோளில் கை போட்டபடி வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகப் பங்காளி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெளியே வரும்போது கையை எடுத்திருந்தார்கள். அரசாங்கம் ஊரெல்லாம் ஒற்று வைத்தும் தெரிந்துகொள்ள முடியாததை, ஜனங்கள் தாங்களாகவே வந்து திருத்திக் கொடுத்தார்கள். அதற்கு வழி செய்து கொடுத்தது நான்.

தெருவில் பேச்சே மாறிவிட்டது. காய்கறிக்காரம்மா என்னை மேடம் என்றாள். ஆட்டோக்காரர்கள் ஒருவரையொருவர் சார் போட்டுக்கொண்டார்கள். மாப்ள என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், சொன்னவனும் கேட்டவனும் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்கள்.

சோணைமுத்து அண்ணனும் முகாமுக்குப் போய், இன்பராசு எனக்கு யாரும் இல்லை என்று சொன்னார். சொன்னது உண்மை என்று காதில் பச்சை விளக்கு எரிந்தது. உண்மைதானே, அவன் வாடிக்கைக்காரன். பிருந்தாவுக்கு மறுபடி விசாரணை போட்டார்கள். மறுபடியும் 'பரிந்துரைக்க இயலாது'. அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. கையில் கொண்டுவந்த வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இந்தத் தடவை யாருண்ணே?" என்று கேட்டேன்.

அவர் பழத்தை என் கையிலேயே திணித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அரசாங்க ரகசியத்தை வெளியிட்ட குற்றவாளி பிலோமினா, உறவு தங்கச்சி. அந்த மரத்தில் அந்தப் பெயர் அப்படியே இருந்தது. வேலையில் சேரக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்றார். அதைவிட்டால் பிருந்தாவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

வழக்கில் உள்ளவர்களை விலக்குவதென்றால் அந்த ஆளும் நேரில் வந்து நிற்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு முறை சொல்லிப் பார்க்கலாம், அதற்கு மேல் வழியில்லை. போனோம். மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் முகாம். மேசைக்குப் பின்னால் சுடிதார் போட்ட ஒரு சின்னப் பெண், அவளுக்கு முன்னால் காது, அதில் இரண்டு விளக்குகள். அண்ணன் சட்டைப் பொத்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பிலோமினா எனக்கு யாரும் இல்ல."

சிவப்பு.

அந்தப் பெண்ணுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "நீங்க சொல்றது உண்மையில்லைன்னு காட்டுது சார். கொஞ்ச நேரம் வெளியில உக்காந்துட்டு, நிதானமா வந்து சொல்லுங்க. இன்னொரு தடவைதான் இருக்கு" என்றாள்.

நிதானமாகச் சொன்னால் மட்டும்? எனக்கு அந்தக் காதைத் தெரியும். பொய் சொல்லும்போது தொண்டை லேசாக இறுகும், மனிதக் காதுக்குப் பிடிபடாது, அதற்குப் பிடிபடும். வாய்வார்த்தைக்கு அண்ணன் என்று சொன்னதையெல்லாம் சொந்தம் என்று தப்புத் தப்பாகப் புரிந்துகொண்ட காது, இப்போது சரியாகக் கேட்டிருக்கிறது. பெற்றவளே ஒப்புக்கொள்வதுபோல ஒப்புக்கொண்டுவிட்டது, நாங்கள் அண்ணன் தங்கைதான் என்று. எனக்குச் சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிருந்தா தண்ணீர் வாங்கப் போயிருந்தாள்.

"பொய் சொல்ல வரமாட்டேங்குதே தங்கச்சி" என்றார். "நான் என்ன செய்ய?"

அவர் செய்ய ஒன்றுமில்லை. அவர் வாயில் அது பொய்யாக இருக்கிற வரைக்கும் பச்சை எரியாது. உண்மையாக வேண்டும். அதை உண்மையாக்க என் ஒருத்தியால்தான் முடியும். யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் நான் துணிந்திருக்க மாட்டேன், ஓடியே போயிருப்பேன்.

"நீங்க எதுக்குக் கண்ணீர் விடுறீங்க?" என்றேன். "என் வேலை போச்சு, கோர்ட்டு வாசல்ல நிக்கிறேன். எல்லாம் உங்களாலதான். உங்க மக வேலைக்காக வந்து என் தலையில கட்டுனீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டார். என் கோபத்தையெல்லாம் அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதனால் நிறுத்தாமல் மேலே போனேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

"ஒரு டீக்கடைக்காரன் தங்கச்சிண்டு கூப்பிட்டா நான் தங்கச்சி ஆயிருவேனா? எங்க அம்மா சாவுக்கு வந்து பக்கத்துல நின்னீங்களே, அன்னைக்கே எங்க ஆளுங்க முன்னாடி எனக்குக் கூச்சமாப் போச்சு. சொல்லக்கூடாதுண்டு இருந்தேன்."

அவர் முகத்தில் இருந்தது அப்படியே வடிந்துபோனது. திட்டியிருந்தால் தேவலை. வேட்டியில் ஒட்டியிருந்த வேப்பம்பூவைத் தட்டிவிட்டு மெதுவாக எழுந்தார். பிருந்தா தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரிங்க மேடம்" என்றார். உள்ளே போனார்.

நான் பின்னால் போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. காதைப் பார்த்து, ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் சொன்னார்.

"இந்தம்மா எனக்கு யாரும் இல்ல."

பச்சை. மேசைப் பெண் சந்தோஷமாகக் கைதட்டக்கூடச் செய்தாள்.

பிருந்தா வேலையில் சேர்ந்துவிட்டாள். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே, காது இல்லாத இடத்தில் எழுதியாவது காட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தினமும் தோன்றுகிறது. ஆனால் வருஷா வருஷம் முகாம் உண்டு. வருஷா வருஷம் அவர் வந்து அதைப் புதுப்பிக்க வேண்டும். தெரிந்துவிட்டால் அவர் தொண்டை இறுகிவிடும், அந்தப் பிள்ளையின் வேலை போய்விடும். அந்த மனிதர் சாகிற வரைக்கும் என்னை வெறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் நான் அத்தனை பாடுபட்டிருக்கிறேன். இந்தக் கதையில் எல்லோருக்கும் பெயரை மாற்றிவிட்டேன், அவர் படிக்கிற ஆளும் இல்லை.

போன வாரம் கோர்ட்டுக்குப் போய்விட்டு வரும்போது, கால் தன் பாட்டுக்கு அந்தத் தெருவில் திரும்பிவிட்டது. கடையில் கூட்டமில்லை. யாரும் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடாமல் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். காது தூணில் இருந்தது. நானும் போய் நின்றேன்.

"என்ன வேணும் மேடம்?"

"ஒரு டீ" என்றேன்.

அவர் பாலை ஆற்றினார். கை பழக்கத்தில் தனியாக இருந்த கிளாஸ் பக்கம் போய், திரும்பி வந்து, பொதுவான கிளாஸ் ஒன்றை எடுத்தது. கரண்டியைச் சீனி டப்பாவுக்குள் விட்டு, முதன்முறையாக என்னைக் கேட்டார்.

"சீனி எவ்வளவு போடணும்?"